இடது இருக்கையில் ஒரு பெயர்

அத்தியாயம் பதினேழு

பினாங்கிலிருந்து வந்த அந்தப் பொம்மைக் கார் சேகரிப்பாளர் வெறுங்கையோடு திரும்பிப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. ஆள் போய்விட்டார். அவர் உதிர்த்துவிட்டுப் போன வார்த்தை மட்டும் ஃபூங் வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"இந்த சாகா மட்டும் கெட்டுப்போன பீஸ்."

நல்ல மனுஷன்தான். அந்த வீட்டுப் பிள்ளை கின் லூங்கின் கண்ணாடி அலமாரியை மரியாதையாகத்தான் திறந்தார். ஒவ்வொரு உலோகக் காரையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்கினார். பழைய சன்னி, கொரோலா, அகார்டு, வீரா. ஒன்றுகூடப் பந்தயக் கார் இல்லை. மாமிமார் மார்க்கெட்டுக்கு ஓட்டிப்போன கார்கள், வாத்தியார்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன கார்கள். தெருவில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டிகள்.

வெள்ளை நிற புரோட்டோன் சாகாவின் கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தவர்தான் அப்படிச் சொன்னார். "இடது பக்கம் பாருங்க, இன்னொரு பெடல் ஒட்டியிருக்கு. கம்பெனி போட்டது இல்ல இது. யாரோ நோண்டியிருக்காங்க."

அதுவரை செய்தித்தாளுக்குப் பின்னால் கிடந்த அவன் அப்பா ஃபூங் தக் வா எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். இடது பக்கத்து பிரேக். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் காலுக்கென்று வைக்கிற பிரேக். கம்பார் ஊரில் பாதிப் பேருக்கு அந்த பிரேக்கில் காலை வைத்துக்கொண்டுதான் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தித்தாளைத் தொடவே இல்லை. யாரிடமும் சரியாகப் பேசவும் இல்லை.

சாகா என்று அந்தக் காருக்குப் பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அந்த வீட்டிலும் யாருக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதே நல்லது. டெங்கு வந்து அக்டோபரில் போன பிள்ளையின் வீட்டில், அந்த வார்த்தைக்கு நம் மொழியில் என்ன பொருள் என்று போய் எவன் சொல்வான்?

இன்று சிங் மிங். செத்தவர்களைப் போய்ப் பார்க்கிற நாள். கின் லூங்குக்கு இதுதான் முதல் சிங் மிங்.

மருமகள் சூக் ஹான் விடிந்ததும் குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தபோது, மாமியார் யோக் குவான் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தாள். அவித்த கோழி, ஆரஞ்சு, தேநீர் போட்ட ஃபிளாஸ்க், அவன் உயிரை விடுகிற கோழி பிஸ்கட். உயிரை விடுகிற என்று முன்பெல்லாம் அந்த வீட்டில் சாதாரணமாகச் சொல்வார்கள். இப்போது யாரும் சொல்வதில்லை.

"நானும் வந்துடறேனே, தள்ளி நின்னு பாக்கறேன்" என்றாள் யோக் குவான். அவள் வர மாட்டாள், வரக் கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெற்றவர்கள் பிள்ளையின் சமாதிக்கு ஊதுபத்தி ஏற்றக் கூடாது. பெரியவர்கள் சின்னவர்களைக் கும்பிட்டால் அந்தப் பாவம் சின்னவர்களின் தலையில்தான் விழும் என்பார்கள். ஆகவே ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து அவனைப் போய்ப் பார்க்க உரிமை உள்ளவள் மருமகள் ஒருத்திதான்.

"அவர்கிட்ட ஏதாவது சொல்லணுமா அத்தை?"

யோக் குவான் வாயைத் திறந்தாள். மூடினாள். பிஸ்கட் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடச் சொல்லு."

சூக் ஹான் பொட்டலத்தைக் கூடைக்குள் வைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

வாசலில் மாமனார் ஏற்கெனவே காரில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கத்து இருக்கையில். ஓட்டுகிற இருக்கையில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே அபூர்வம். பழைய சாகா. கூரையில் இருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையை மட்டும் அக்டோபரில் கழற்றி வைத்துவிட்டார். அதன் பிறகு ஒரு மாணவனையும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

"சாவு சாமான் கடைக்குப் போ" என்றார்.

"கடைக்கா? காகிதமெல்லாம் நேத்தே வாங்கிட்டேனே மாமா."

"நான் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்."

கடை வாசலில் பென்ஸ் கார்கள் வரிசையாக நின்றன. மூங்கில் சிம்பில் கட்டி, செத்தவர்களுக்காக எரித்து அனுப்புகிற காகித பென்ஸ்கள். அவற்றுக்கு நடுவில், பணக்காரக் கல்யாணத்தில் வந்து மாட்டிக்கொண்ட ஏழைச் சொந்தக்காரன் போல, ஒரு வெள்ளைக் காகித சாகா.

சூக் ஹான் அதன் பின்பக்கமாகப் போய் நின்றாள். அசல் அதே கார். முன்னும் பின்னும் எல் பலகை. பின் கண்ணாடிக்குக் கீழே டிஷ்யூப் பெட்டி. அதன் பக்கத்தில் வாசனைக்குப் போடுகிற ரம்பை இலைக் கட்டு, அதற்குக்கூடப் பச்சைக் காகிதத்தைக் கிழித்து வைத்திருந்தார்கள். எல்லாம் கின் லூங் அந்தக் குட்டிக் காருக்குள் பொறுமையாகச் செய்து ஒட்டியவை.

கடைக்கார மூன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "வாம்மா. உங்க மாமனாரைக் கொஞ்சம் கேளு. அந்த இரும்புப் பொம்மையைக் கொண்டாந்து என் மேசை மேல வச்சு, 'இதே மாதிரி வேணும்'ங்கறார். ஆயுசு பூரா சாகா ஓட்டினவங்களுக்கே நாங்க அங்க பென்ஸ்தான் அனுப்பறோம்! அங்கேயும் போய் சாகாவா?"

"என் பையன் பென்ஸ்ல ஏற மாட்டான்" என்றார் தக் வா.

"அதைத்தான் அன்னைக்கும் சொன்னீங்க. சரி, கார் உங்க இஷ்டம். ஆனா அந்த ஆள் பொம்மையைப் போய்..."

"நேரமாச்சு மூன். வெயில் ஏறிடும்."

அவர் வெட்டிய வெட்டில் மூன் அக்கா வாயை மூடிக்கொண்டாள். சூக் ஹானைப் பார்த்து ஏதோ சொல்ல வருவது போல் கண்ணைச் சுருக்கினாள். சூக் ஹான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவள் கண் அந்த ரம்பை இலையிலேயே இருந்தது.

காகிதக் காரைப் பின் இருக்கையில் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அவளும் கின் லூங்கும் முதன்முதலில் சந்தித்ததும் இந்தக் காரால்தான். லைசென்ஸ் எடுக்க வந்த சூக் ஹான், பயிற்சிப் பள்ளி மேசையில் ஒருவன் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு குட்டி சன்னியின் சக்கரத்தைத் துடைப்பதைப் பார்த்தாள். "இதைப் போய் யாராவது சேப்பாங்களா? ஃபெராரி கிடைக்கலையா?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டாள்.

"ஃபெராரியைப் பாத்துக்க ஊர் பூரா ஆள் இருக்கு" என்றான் அவன், நிமிராமலே. "எங்க தெரு சான் டீச்சரோட சன்னியை யார் பாத்துக்குவா?"

அவ்வளவுதான். விழுந்துவிட்டாள். சேகரிப்பாளர்கள் கூட்டத்தில் அவனை "டாக்சி" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார்கள். பவர் ஜன்னல் இல்லாத, அலாய் சக்கரம் இல்லாத, விலை குறைந்த மாடல் எது என்றுதான் தேடித் தேடிக் கேட்பான். இத்தனை கார் வைத்திருந்தவனுக்கு ஒன்றே ஒன்றுதான் வராது. கார் ஓட்ட வராது.

ஊருக்கே கற்றுக்கொடுத்த வாத்தியாரின் பிள்ளைக்கு ஓட்ட வராது! கம்பாரில் இதைவிடப் பெரிய நகைச்சுவை கிடையாது. பதினேழு வயதில் அப்பா அவனை மேட்டுப் பரீட்சைக்கு, ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்புகிற பரீட்சைக்கு, பழக்கினாராம். வண்டி பின்னால் உருண்டதாம். அவர் இடது பிரேக்கை மிதித்த மிதியில் அவன் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியதாம். காத்திருந்த மாணவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாட்டைக்கூடப் பழக்கிடுவேன், உன்னைப் பழக்க முடியாது" என்று கத்தினாராம். கின் லூங் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போனான். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கல்யாணம் ஆன பிறகும் சூக் ஹான்தான் ஓட்டுவாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் ஏதாவது ஒரு குட்டிக் காரை வைத்துத் தடவிக்கொண்டு வருவான்.

மலையடிவாரத்தில் கார்கள் நெருக்கியடித்து நின்றன. மேலே எங்கே பார்த்தாலும் புகை. சூக் ஹான் ஒரு ரப்பர் மர நிழலில் நிறுத்தினாள்.

"மாமா, நீங்க..."

"தெரியும். மேல வர மாட்டேன். எனக்குச் சொல்லித் தர வேணாம்." பிறகு குரல் இறங்கியது. "சூக் ஹான். முழுசா எரியணும். ஒரு துண்டுகூட மிச்சம் நிக்கக் கூடாது. உள்ள இருக்கறதும் சேர்த்து."

"சரி மாமா."

"அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் குடு. சத்தமா கூப்பிடு. அவன் எப்பவும் ஒரு தடவைல காதுல வாங்க மாட்டான்."

ஒரு கையில் கூடை, மறு கையில் கார். காற்று வேறு. காகிதக் கார் பறக்கப் பார்த்தது, அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாகாவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னவன் இதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

கல்லில் அவன் படம். சிரிக்காத படம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. நல்ல படம் ஒன்று தேடக்கூட அன்றைக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

புல்லைப் பிடுங்கினாள். மேட்டின் மீது வண்ணக் காகிதங்களை வைத்துக் கல்லை ஏற்றினாள். கோழி, ஆரஞ்சு, தேநீர், பிஸ்கட். "அத்தை சாப்பிடச் சொன்னாங்க" என்றாள்.  உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்துச் சமாதியில் ஒரு குண்டுப் பெண்மணி குடும்பத்தோடு வந்திருந்தாள். நடக்க முடியாமல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், காகிதக் காரைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"அட, சாகா! எங்க வீட்டுக்காரர் இருபது வருஷம் ஓட்டினாரும்மா. நாங்க என்னடான்னா பெருமைக்கு பென்ஸை அனுப்பித் தொலைச்சோம். அதுல எந்த பட்டன் எதுக்குன்னே அவருக்குத் தெரியாது!" சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே பார்த்தாள். "ஐய, கடைக்காரி தப்பு பண்ணிட்டாளே. டிரைவரை மாத்தி ஒட்டியிருக்கா பாரு. ஸ்டியரிங் இந்தப் பக்கம், ஆளு அந்தப் பக்கம்."

சூக் ஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஆமாம். ஓட்டுகிற இருக்கை காலியாக இருந்தது. இடது இருக்கையில் ஒரு காகித மனிதன் உட்கார்ந்திருந்தான்.

"பிச்சு இந்தப் பக்கம் வச்சுடு. இல்லாட்டி வண்டி எப்படிப் போகும்? பேரு எழுதியிருக்கான்னும் பாரு. முதுகுல பேரு இருந்தாத்தான் டிரைவர் சொன்ன பேச்சைக் கேப்பான்."

சூக் ஹான் கதவுக்குள் விரலை விட்டு மெதுவாகப் பொம்மையைப் பெயர்த்தாள். திருப்பினாள்.

முதுகில் பேர் எழுதியிருந்தது. கடைக்காரியின் கையெழுத்து இல்லை. பயிற்சிப் பள்ளியின் ரசீதுகளில் அவள் எத்தனையோ தடவை பார்த்த, சாய்ந்து விழுகிற மூன்று சீன எழுத்துகள்.

ஃபூங் தக் வா.

"என்ன பேரும்மா?" என்றாள் பெண்மணி.

"சரியா எழுதல ஆன்ட்டி. அழிஞ்சிருக்கு." சூக் ஹான் பொம்மையைச் சட்டென்று கைப்பைக்குள் திணித்தாள். பையை இறுக மூடினாள்.

உயிரோடு இருக்கிற ஒருவரின் பேரை எழுதி அங்கே அனுப்பினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எரிகிற பேர் போய்ச் சேரும். பேருக்குப் பின்னால் ஆளும் போய்ச் சேருவார். நடக்குமோ நடக்காதோ, அது வேறு விஷயம். அவர் நம்புகிறார். நம்பித்தான் எழுதியிருக்கிறார். எரிந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த மனுஷர் இன்றைக்கே சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவார். எழுந்திருக்க மாட்டார்.

மூன் அக்கா சொல்ல வந்தது இதைத்தான்.

டிரைவராகப் போவதாகக்கூட அவர் நினைக்கவில்லை. வாத்தியாராகத்தான் போகிறார். இடது பக்கம், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு. அந்தக் குட்டிக் காருக்குள் ஒட்டியிருந்த பெடலைப் பார்த்து, பிள்ளை தனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்.

சூக் ஹானுக்கு உண்மை தெரியும். குண்டூசித் தலையைத் தட்டையாக்கி அவன் அந்தப் பெடலை ஒட்டியபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். "இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"இந்த பிரேக்தான் என்னை ஓட்டவே விடல. இது இல்லாம எங்கப்பா வண்டி எப்படி?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"லூங்" என்றாள் கல்லைப் பார்த்து. "வண்டியை மட்டும் அனுப்பறேன். அப்பாவை அனுப்ப மாட்டேன். கோவிச்சுக்கோ."

வேறு யாரும் பறித்துக்கொள்ளாதபடி காரைச் சுற்றித் தேநீரால் வட்டம் போட்டாள். சத்தமாக, பக்கத்துச் சமாதிக்காரர்கள் எல்லாம் திரும்பும்படி, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தீயை வைத்தாள். முதலில் ரம்பை இலை சுருண்டது. பிறகு கூரை. வெள்ளைக் கார் நிமிஷத்தில் கறுத்து உட்கார்ந்துவிட்டது.

அவள் இறங்கி வந்தபோது மாமனார் காருக்கு வெளியே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே எல்லா இடத்திலும் புகை. எது தன் பிள்ளையின் புகை என்று தேடித் தேடி அவர் கண் சிவந்து போயிருந்தது.

"அந்த வேப்ப மரத்துக்கு இடது பக்கம் கறுப்பா ஒண்ணு வந்துச்சே, அதுதானே?"

"அதுதான் மாமா."

"நான் நினைச்சேன்." காரில் ஏறி உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. அவளால் அந்த நிம்மதியைத் தாங்க முடியவில்லை. "முழுசா எரிஞ்சுதா?"

"கார் எரிஞ்சுது."

"உள்ள இருந்தது?"

சூக் ஹான் கதவைச் சாத்தினாள். கைப்பையைத் திறந்து, காகித மனிதனை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"உன்னை யார் எடுக்கச் சொன்னது?"

"உங்களை யார் எழுதச் சொன்னது? வீட்டுல அத்தைன்னு ஒருத்தி இருக்காளே, நெனப்பு இருக்கா உங்களுக்கு? புள்ளையைத்தான் பறிகொடுத்தா. புருஷனையும் சேர்த்துக் குடுத்துட்டு உக்காரட்டும்னா? நான் என்ன பண்ணணும்? என் கையாலதானே கொளுத்தச் சொன்னீங்க! என் கையால!"

மாமனாரிடம் அவள் இப்படிக் கத்தியதே இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவனுக்கு ஓட்டத் தெரியாதேம்மா" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"கார் வேணும்னு ஆசைப்பட்டவன். காராவே சேத்தவன். அங்க ஒரு வண்டியைக் குடுத்துட்டு, ஓட்டத் தெரியாதவனைத் தனியா விட்டுட்டு வரச் சொல்றியா? ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பொறுமையா சொல்லிக் குடுத்தேன். எவன் எவனோ மாவாட்டற மாதிரி கியர் போடுவான், சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுப்பேன். என் புள்ளையை மட்டும் கத்தினேன். மாடுன்னு சொன்னேன். அன்னைக்கு நெத்தி வீங்கியிருந்தது, ஐஸ் வச்சது அவன் அம்மாதான், நான் திரும்பிக்கூடப் பாக்கல." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இருந்தும் பொம்மையில எனக்கு பிரேக் வச்சிருக்கான் பாத்தியா. வாப்பான்னு கூப்பிடறான். இந்தத் தடவை கத்த மாட்டேன். சத்தியமா கத்த மாட்டேன்."

மடியில் கிடந்த பொம்மையை அவர் இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். "கொண்டுபோய்ப் போட்டுட்டு வாம்மா. நெருப்பு இன்னும் இருக்கும்."

சூக் ஹான் வாங்கவில்லை. அந்தப் பெடலைப் பற்றி அவளுக்குத் தெரிந்த உண்மை ஒன்று இருந்தது, அதைச் சொன்னால் மனுஷர் இந்த இடத்திலேயே செத்துவிடுவார். சொல்லாமலிருந்தால் நாளைக்கு அவரே மலையேறிப் போய்க் கொளுத்துவார். உண்மையையும் சொல்லாமல், சும்மாவும் இருக்காமல் வேறென்ன வழி?

"அவருக்கு வாத்தியார் வேணாம் மாமா" என்றாள். "அவருக்கு ஓட்டத் தெரியும்."

தக் வா நிமிர்ந்தார்.

"நான் சொல்லிக் குடுத்தேன். சீனப் பெருநாளைக்கு உங்களை உக்கார வச்சு ஓட்டிக் காட்டலாம்னு இருந்தார். அதுக்குள்ள காய்ச்சல் வந்துடுச்சு."

"எதுல சொல்லிக் குடுத்தே?"

"என் மைவி கார்ல."

"உன் வண்டி ஆட்டோ கியராச்சே."

நாற்பது வருஷ வாத்தியார் முன்னால் பொய் சொல்வது லேசா? அவளுக்கு வியர்த்தது. "அது முதல்ல. அப்புறம் இதுலதான். நீங்க மத்தியானம் தூங்குவீங்கல்ல, அப்போ சாவியை எடுத்துட்டுப் போவோம். ஈயக்குளம் ரோட்டுல."

"இதுலயா?" அவர் கை டேஷ்போர்டைத் தடவியது. "நீ இந்தப் பக்கமா உக்காந்திருந்தே?"

"ஆமா."

"எத்தனை தடவை பிரேக் மிதிச்சே?"

"மிதிக்கவே இல்ல மாமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் மிதிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். பிறகு கேட்டார்: "மேட்டுல?"

"முதல் நாள் நின்னு போச்சு. அப்புறம் நிக்கல."

"என்ன சொல்லிக் குடுத்தே? வார்த்தை தப்பாம சொல்லு."

இதற்கு மட்டும் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அவசரப்படாதே. கிளட்சை விட விட, வண்டி லேசா மூக்கைத் தூக்கும். பசியெடுத்த நாய் மாதிரி. அது தூக்கற வரைக்கும் கைபிரேக்கை விடாதே."

"அது நான் சொல்றதாச்சே."

"நீங்க எனக்குச் சொன்னதுதான். அதைத்தான் அவருக்குச் சொன்னேன்."

தக் வாவின் இடது கால், இல்லாத கிளட்ச் ஒன்றை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே வந்தது. இடது கை காற்றில் கைபிரேக்கை இறக்கியது. அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்டோபரிலிருந்து அழாத மனிதர். சவப்பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, ஊர் வழக்கப்படி பிள்ளையின் பின்னால் போகாமல், வீட்டு வாசலிலேயே மரம் போல நின்றவர். காரே குலுங்கும்படி அழுதார். சூக் ஹான் அவர் தோளில் கை வைத்தாள். பொய் சொன்ன வாய் அவளுக்குக் கசந்தது. ஆனாலும் சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை.

"மேடு ஏத்திட்டானா என் புள்ள" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பரீட்சை எழுதினானா? பாஸ் பண்ணினானா?"

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும் அவள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி நிறுத்துவாள்?

"பாஸ் மாமா."

"லைசென்ஸ்?"

"...வாங்கிட்டார்."

அவர் காகித மனிதனின் முதுகிலிருந்த பேரைக் கிழித்து எடுத்தார். மடக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். "லைசென்ஸை என் கண்ணால பாக்கணும். பாத்த நிமிஷம் இதைக் கிழிச்சு எறிஞ்சுடறேன். பாக்கற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்."

"மாமா, கையோட கிழிச்சுப் போட்டுடுங்களேன்."

"வாத்தியாரும்மா நான். லைசென்ஸைப் பாக்காம ஒருத்தனையும் ரோட்டுல விட்டதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு முதல் சிரிப்பு. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இரு, உங்க அத்தைக்குச் சொல்றேன். பாவம், அவளுக்கும் தெரியாது. சந்தோஷப்படட்டும்."

"வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம் மாமா..."

அதற்குள் மணி அடித்துவிட்டது. காது சரியாகக் கேட்காத மனிதர், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"குவான்! கேட்டியா சேதியை? நம்ம லூங் லைசென்ஸ் எடுத்திருந்தானாம்! மேட்டுல ஏத்தினானாம்!"

 போனில் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. சூக் ஹான் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாமியார் இப்போது 'என்ன உளறறீங்க' என்பாள். எல்லாம் முடிந்துவிடும்.

"யார் சொன்னா உங்ககிட்ட?" என்றாள் யோக் குவான். பயந்துபோன குரல்.

"நம்ம சூக் ஹான்தான். அவதானே சொல்லிக் குடுத்தாளாம்!"

"அவளா?" என்றது போன். "அவன் லைசென்ஸ் எடுத்தது அவளுக்கெப்படிங்க தெரியும்? செத்தாலும் அவகிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினானே..."

சூக் ஹான் கண்ணைத் திறந்தாள். மாமனார் போனை இறக்கிவிட்டு மெல்ல அவள் பக்கம் திரும்பினார். அந்தக் காகிதத் துண்டு இன்னும் அவர் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது.